பழைய எண், புதிய எண்

சித்திரையிலேயே அது சொடக்குப் போட ஆரம்பித்துவிட்டது.
டிக். கொஞ்சம் மௌனம். டிக்.
பல்லி என்று நினைத்து
இரண்டு முறை சகுனம்கூடப் பார்த்திருக்கிறேன்.

போன புதன்கிழமை
யாருடைய வாடகை ஒப்பந்தமோ, மூன்றாம் பக்கம்,
"மேற்படி முன்பணம்" என்று அடிக்கையில்
திரை நீலமாகிப் போனது.
புளியந்தோப்பில் ஜாப் டைப்பிங் கடையில் திரை அணைந்தால்
டீ கொண்டுவரும் பையன்
குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்.

சிம்சனில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன்.
கையில் ஆயிரத்து எண்ணூறு.
துணிப்பையில் துண்டு சுற்றிய பழைய டிஸ்க்,
ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற பூனை மாதிரி.

"சாட்டாவா, ஐடிஇயா?"
எனக்குத் தெரிந்தது பம்பரச் சாட்டைதான் என்றேன்.
மஹிபால் சிரித்தான்.
ஜோத்பூர் முகம், சிந்தாதிரிப்பேட்டைத் தமிழ்.
"உள்ள சுத்துறதும் பம்பரந்தான்க்கா."

கண்ணாடி மேல் மூன்றை வைத்தான்.
சீல் பிரிக்காத புதுசு: நாலாயிரத்து இருநூறு.
நகைக்கடையில் வேடிக்கை பார்ப்பதுபோல்
பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தேன்.
அடுத்தது எஸ்எஸ்டி, ஆயிரத்து எழுநூறு.
கேள்விப்படாத கம்பெனி, விசிட்டிங் கார்டு கனம்.
"உங்க போர்டுக்கு இந்த ஸ்பீடு அதிகம். ஆனா சத்தமே வராது."
சத்தம் வராதது சாகப்போவது எப்படித் தெரியும்?
"தெரியாதுக்கா. சொல்லாமப் பூடும்."

மூன்றாவது, சிசிடிவியில் இருந்து கழற்றியது. எழுநூறு.
சொருகிக் காட்டினான்:
ஓடிய நேரம் இருபத்தாறாயிரம் மணி.
மூன்று வருஷம் இமைக்காமல்
ஏதோ ஓர் அடுக்குமாடியின் கேட்டைப் பார்த்திருக்கிறது.
பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர்,
இரவு ஒரு மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மெதுவாக உள்ளே போன யாரோ ஒருவர்.
"எல்லாம் அழிச்சாச்சு" என்றான்.
ஞாபகம் போய்விட்டது சரி,
அலுப்பு?

என் டிஸ்கைக் கடைசியாக ஒருமுறை மூச்சுவிட வைத்தான்.
பதினோரு வருஷம்:
வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், தெருவிளக்கு,
வேலை கேட்டு, விடுப்பு கேட்டு, மன்னிப்பு கேட்டு.
"மூணு ஜிபிதான்க்கா.
ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெருசு."
கொஞ்சம் வலித்தது.

பச்சைக் கோடு நகர்ந்து எழுபத்தொன்றில் நின்றது.
தேசம்மாள்_மின்வாரியம்_4_கடைசி_புதுசு.
புருஷன் போய் ஆறு வருஷமாகியும்
கரண்ட் கட்டணம் அவர் பெயருக்குத்தான் வருகிறது.
வருஷா வருஷம் தேதியை மாற்றுவேன்,
நினைவூட்டலின் எண்ணில் ஒன்று கூட்டுவேன், இருபது ரூபாய்.
மஹிபால் டிஸ்கை லேசாகச் சாய்த்துப் பிடித்தான்.
தெருவில் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்தது.
டிக்.
எழுபத்திரண்டு.

எழுநூறுக்கு அந்தக் காவல்காரனையும்
முந்நூற்றைம்பதுக்கு ஒரு பென் டிரைவும் வாங்கினேன்.
எதையும் ரெண்டு இடத்தில் வை என்று
இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
விண்டோஸ் போட இருநூறு.
மிச்சத்தில் ஒரு கரும்புச்சாறு, ஐஸ் இல்லாமல்.

சனிக்கிழமை தேசம்மாள் வந்தாள்.
"புது மிசினா?"
உள்ளே மட்டும் என்றேன்.
பழைய எண் பதினான்கு, புதிய எண் முப்பத்தொன்று,
இரண்டும் அதே வரியில் பத்திரமாக இருந்தன.
நான்கை ஐந்தாக்கினேன்.
பெட்டிக்குள் சத்தம் சீராக,
பம்பரம் தூங்குகிறது என்போமே, அப்படி.

தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்,
முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே கேட்டாள்:
"ரேட்டு பழசுதானே?"